இரும்புக்கடைத் தராசில் ஏறிய கட்லா

"ஒங்க வீட்டுக்காருதான அம்புட்டுப் பெரிய கட்லாவப் பிடிச்சது?" என்று ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்து அளவெடுக்க ஆரம்பித்துவிடுவேன். பிடித்தாரா என்றால் பிடித்தார். எப்படிப் பிடித்தார், பிடித்த மீனை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று யாராவது மேற்கொண்டு கேட்டால்தான் எனக்கு வாய் நீண்டுவிடும். அப்புறம் எடுத்த அளவெல்லாம் மறந்துபோய், கை பெரிதாகவும் கழுத்து சிறிதாகவும் தைத்து வைப்பேன். எதற்கு வம்பு? "கழுத்து எம்புட்டு எறக்கம் வைக்க?" என்று பேச்சை மாற்றிவிடுவது.

இப்போது அளவு கொடுக்க யாரும் எதிரே நிற்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்த ஊர் நத்தம் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் மாந்தோப்பு, ஒரு பக்கம் புளியமரங்கள், நடுவில் கண்மாய். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு மோட்டார் காயில் சுற்றுகிற கடை. கருகிப்போன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, செம்புக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி மறுபடி ஓட வைப்பார். வேலையில் கெட்டிக்காரர், பேச்சிலும் கெட்டிக்காரர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள், "ஒங்க கம்மாயில என்ன மீனு கெடக்கு?" என்று என் அண்ணனைக் கேட்ட மனிதர். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேரும் தூண்டிலைப் பற்றிப் பேசிக்கொண்டே கண்மாய்க் கரைக்குப் போய்விட்டார்கள். நான் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக உட்கார்ந்திருந்தேன். யாரைப் பார்க்க வந்தார்கள் என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரே அண்ணன். அவருக்குக் குழந்தை இல்லை. எங்களுக்கும் வெகுநாள் இல்லை. அப்பா அம்மா போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு இருந்தது அண்ணனும் அண்ணியும்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் வீட்டுக்காரர் கடைக்கு லீவு விட்டுவிட்டு, மொபெட்டின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார். அவர்கள் இருவரும் கண்மாயில் கிடப்பார்கள். நானும் அண்ணியும் சமைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவோம். மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு. சாயங்காலம் திரும்பும்போது முருங்கைக்காயோ மாங்காயோ ஒரு பை நிறைய என் மடியில் இருக்கும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வாராவாரம் பிறந்த வீடு வாய்க்கிறதென்றால் லேசா? எங்கள் தெருவில் எத்தனை பேர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

தூண்டில் என்று வந்துவிட்டால் இருவரும் இரண்டு தினுசு. அண்ணனிடம் ஒரே ஒரு மூங்கில் கம்பு, தங்கூசி என்கிற நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த ஒரு தக்கை. அவ்வளவுதான். தண்ணீரைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். குமிழி எங்கே வருகிறது, கோரை எங்கே அசைகிறது என்று பார்த்து, இங்கே கெளுத்தி, அங்கே விரால் என்று போடுவார். கையகல மீன்தான் வரும். ஆனால் வராமல் இருக்காது. குஞ்சுகளோடு திரிகிற விரால் என்று தெரிந்தால் இரையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார்.

என் வீட்டுக்காரர் அப்படியில்லை. ஐந்தாறு தூண்டில், காயில் சுற்றுகிற உருளையிலேயே சுற்றி வைத்த கனத்த நரம்பு, டப்பா டப்பாவாக இரை. கடலைப் புண்ணாக்கு, கேப்பை மாவு, வெல்லப்பாகு எல்லாம் போட்டுச் சனிக்கிழமையே பிசைந்துவிடுவார். ஒருநாள் ஏலக்காயைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு நாளாவது ஏலக்காய் போட்டு டீ போட்டுத் தந்திருக்கீகளா? நல்லா இருக்குய்யா ஒங்க நாயம்!" என்று கத்தினேன். அடுத்த நாள் டீயில் புண்ணாக்கு வாடை வந்தது. அதே கையால் போட்டிருக்கிறார்.

இத்தனையும் ஒரே ஒரு மீனுக்காக. கண்மாயின் மடைக்கு எதிரே ஒரு பள்ளம் உண்டு. கரையைப் பலப்படுத்த மண் அள்ளிய பள்ளம். கோடையில் கண்மாய் வற்றினாலும் அதில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். ஊராட்சியில் என்றைக்கோ விட்ட கட்லாக் குஞ்சுகளில் ஒன்று, ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பள்ளத்தில் பதுங்கித் தப்பித்து, வருஷத்துக்கு வருஷம் பெருத்துவிட்டது. முதுகில் செதில் உதிர்ந்து வெள்ளையாக ஒரு திட்டு. காலையில் மேலே வந்து ஒருமுறை புரண்டுவிட்டுப் போகும். ஆடு மேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள், நத்தம் சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும். ஊரில் அதற்குப் பெயர் பெரியவர். "இன்னைக்குப் பெரியவரு வந்தாரா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

பெரியவர் பேச்சு வந்தால் மச்சானும் மாப்பிள்ளையும் சாப்பாட்டு இலையைக்கூட மறந்துவிடுவார்கள்.

"அது எங்க கெடக்குன்னு ஊருக்கே தெரியும். என்ன திங்கும்னும் தெரியும். உக்காந்தே கெடந்தா ஒருநா கடிக்கத்தான் செய்யும். பஸ்ஸுக்கு நின்னு ஏறுற மாதிரி. இதுல என்ன சாமர்த்தியம் மாப்ள?" என்பார் அண்ணன்.

"நீங்க ஏறிப் பாருங்க மச்சான், அப்பத் தெரியும்."

"தெரியாத தண்ணியில, கண்ணுல படாத மீன இன்ன எடத்துல இருக்குன்னு நெனச்சுப் போட்டு எடுக்கணும். அதுதான் தூண்டிலு. அது கையகலமா இருந்தா என்ன, மொழ நீளமா இருந்தா என்ன?"

"கையகலத்த எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போனா எவன் பாப்பான்? பெருசுன்னா பெருசுதான் மச்சான்."

"வாராவாரம் உருண்ட உருண்டயாப் புண்ணாக்கப் பள்ளத்துல போட்டு வளக்குறது நீங்க. வளத்த பிள்ளையப் பிடிச்சுட்டு, ஆத்தாடி நான் பிடிச்சிட்டேன்னு சொல்லப் போறீகளா?" அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும். அண்ணி தலையில் தட்டுவாள்.

ஆனால் என் வீட்டுக்காரரிடமும் ஒரு கொள்கை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். "வலையில வந்தா அது வெறும் மீனு மச்சான். தூண்டில்ல வந்தாத்தான் அது பெரியவரு. நான் தூண்டில்லதான் எடுப்பேன்" என்பார். இரண்டு தடவை அவருக்கு மாட்டியது. இரண்டு தடவையும் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அறுந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். சோறு இறங்காது மனிதருக்கு. இப்படியே நாலைந்து வருஷம் ஓடியது. மகள் பிறந்தாள். அவளையும் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனோம். அண்ணன் தக்கையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு அது ஆடுவதைக் காட்டுவார்.

எங்கள் ஊர் மீன்பிடியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோடையில் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு அக்கம்பக்கத்து ஊர்ச்சனமெல்லாம் கரையில் வந்து நிற்கும். கரையின் மேல் நின்று ஒருவர் வெள்ளைத்துண்டை வீசுவார். வீசியதும் மொத்தச் சனமும் தண்ணீரில் பாயும். வலை, சேலைத்துணி, வெறுங்கை, ஊத்தா, எது வேண்டுமானாலும். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மீன்மேல் அமுக்கி, மேல்வாயில் கைவிட்டு எடுப்பது. தூண்டில் மட்டும் அன்றைக்கு யாரும் கொண்டுவருவதில்லை, அந்தக் கூட்டத்தில் அதற்கு என்ன வேலை? பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும், ஆள் இல்லாத வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். தராசில் வைக்கவும் கூடாது. தராசு ஏறினால் அது விலைக்கு வந்த மீன். விலைக்கு வந்துவிட்டால் அடுத்து மழை தவறும், கண்மாய் பெருகாது என்பது ஊர்ப்பேச்சு. இது நம்பிக்கையா மூடநம்பிக்கையா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த ஊரில் வயல் வைத்திருக்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள்.

துண்டு வீசுவது எங்கள் வீட்டு மரியாதை. தாத்தா வீசினார், அப்பா வீசினார், அப்பாவுக்குப் பிறகு அண்ணன். வீசுகிறவர் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கமாட்டார். கரையிலேயே நிற்பார். என் அண்ணனுக்கு நிலம் கொஞ்சம்தான், பேச்சும் கொஞ்சம்தான். ஊரில் அவருக்கென்று இருந்த பெருமை அந்த ஒரு துண்டு. அன்றைக்குக் காலையில் அதை வெளுத்து, நீலம் போட்டு, மடித்து எடுத்துவைப்பாள் அண்ணி.

மகள் நடை பழகிய கோடையில் மீன்பிடி வந்தது. அந்த வருஷம் மழை ஏற்கெனவே குறைவு. மடைப் பள்ளத்திலேயே இடுப்பளவுதான் தண்ணீர். ஊர் மாப்பிள்ளை என்ற முறையில் என் வீட்டுக்காரரும் யாரிடமோ ஒரு ஊத்தா வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். சும்மா வேடிக்கைக்கு. பள்ளத்துப் பக்கம் போகமாட்டேன் என்றுதான் சொன்னார். அண்ணன் துண்டை வீசினார். சனம் பாய்ந்தது. கொஞ்ச நேரத்திலேயே கண்மாய் முழுக்கச் சேறும் சகதியுமாகக் கலங்கிப் போய்விட்டது. மீனெல்லாம் மூச்சுக்குத் தவித்து வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன.

"ஏலே, பெரியவருடா!" என்று ஒரு குரல் கேட்டது. அந்த வெள்ளைத்திட்டு சேற்றுக்குமேல் தெரிந்தது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்புவதற்குள், பக்கத்தில் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரர். ஊத்தாவை அமுக்கினார். அம்புட்டுப் பெரிய மீனுக்கு ஊத்தா எந்த மூலைக்கு? தலை மட்டும்தான் உள்ளே. ஊத்தாவை விட்டுவிட்டு மீன்மேல் விழுந்து கட்டிப் புரண்டார். வேட்டி எங்கேயோ போய்விட்டது. அரைக்கால் டவுசரோடு, தலைமுதல் கால்வரை சேறாக, குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேறி வந்தார். ஊரே விசில் அடித்தது. நானும் மகளைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன். சந்தோஷம்தான், இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

அண்ணன் காலடியில் கொண்டுபோய் மீனைப் போட்டார். "மச்சான், பாத்தீகளா!"

அண்ணன் குனிந்து பார்த்தார். மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. "நல்ல மீனு மாப்ள" என்றார். "வீட்டுக்குக் கொண்டு போங்க. தெருவே திங்கலாம்." அவ்வளவுதான் சொன்னார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கண்மாயைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அத்தோடு குழம்பு வைத்துத் தின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. என் வீட்டுக்காரர் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு ஆள் உண்டு. அணையில் பெரிய கட்லா பிடித்தேன், அதற்குமேல் இந்த ஜில்லாவில் யாரும் பிடிக்கவில்லை என்று பல வருஷமாக அளந்துகொண்டிருப்பவர். அந்த ஆளின் வாயை அடைக்க வேண்டும். வாயை அடைக்க எடை வேண்டும். மீனை ஈரச்சாக்கில் சுற்றி மொபெட்டில் கட்டிவிட்டார்.

"எங்க போறீக? தராசுல வச்சிராதீக, சொல்லிப்புட்டேன்!" என்று நான் அண்ணன் வீட்டு வாசலுக்கு ஓடினேன்.

"மீன் கடைத் தராசுலயா வைக்கப் போறேன்? அங்க வச்சாத்தான் வித்த கணக்கு. நம்ம பழைய இரும்புக் கடை இருக்குல்ல, மோட்டார் பாடி எடை போடுற தராசு. அதுல மீன எவன் விப்பான்? செத்த நேரத்துல வாரேன்."

என்ன மூளை பாருங்கள்! இரும்பு எடை போடுகிற தராசில் வைத்தால் மழைக்குத் தெரியாதாம். மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று மனக்கணக்காகச் சொல்கிற மனிதர், இதை உண்மையாகவே நம்பித்தான் போனார். என்னை ஏமாற்றவில்லை, தன்னைத்தான் ஏமாற்றிக்கொண்டார். துருப்பிடித்த பம்ப்புகளுக்கும் ஒடிந்த ஃபேன் இறக்கைகளுக்கும் நடுவில் பெரியவரைத் தராசில் படுக்க வைத்தார். தெருக்கூட்டம் கூடிவிட்டது. டீக்கடை ஆளும் வந்து பார்த்துவிட்டு வாய் பேசாமல் போனார்.

எடை எவ்வளவு என்று கேட்பீர்கள். நான் எழுதமாட்டேன். நான் அந்த ஊரில் பிறந்தவள்.

கூட்டத்தில் யாரோ போட்டோகிராபரைக் கூட்டிவந்தார்கள். யாரோ ஒருவர் பக்கத்திலிருந்த இவர் கடைக்குள்ளிருந்து தூண்டில் கம்பை எடுத்துவந்து இவர் கையில் கொடுத்தார். தூண்டில்காரர் என்று ஊருக்கே தெரியும், பின் எதில் பிடித்திருப்பார்? இவரும் வாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இல்லையப்பா, சேற்றில் அமுக்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாயங்காலம் மீனைத் திருப்பிக் கொண்டுவந்தார், வெட்டினோம், தெரு முழுக்கக் கொடுத்தோம். அண்ணனும் சாப்பிட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது. தராசு, மீன், கம்பு, பல் தெரியும் சிரிப்பு. தூண்டிலில் சிக்கிய ராட்சத கட்லா என்று மேலே கொட்டை எழுத்து.

கொஞ்ச நாள் ராஜமரியாதைதான். ரெட்டியார்சத்திரத்திலிருந்து மோட்டார் கொண்டுவருகிறவர்கள்கூட, மோட்டாரை இறக்குவதற்கு முன்னால் மீனைப் பற்றிக் கேட்டார்கள். என்ன இரை போட்டீர்கள் என்று ஒருவர் கேட்டாராம். இவர் ஏலக்காய் என்று சொல்லிவைத்தார். அந்த மாதம் திண்டுக்கல்லில் எத்தனை வீட்டில் ஏலக்காய் டப்பா காலியானதோ. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரும்போது முகம் செத்துப் போயிருக்கும். சும்மா இருக்கும்போது, "தூண்டில்ல எடுத்திருக்கணும்" என்று தானாகச் சொல்லிக்கொள்வார். நாலைந்து வருஷம் ஆசைப்பட்டது கையில் வந்து, அது தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டால் மனிதன் யாரிடம் போய் அழுவான்? அந்தத் தூண்டில்களை மறுபடி அவர் எடுக்கவில்லை.

படத்தில் தராசைப் பார்த்துவிட்டு ஊரில் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாப்பிள்ளை டவுன்காரர், அவருக்கு என்ன தெரியும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எங்க வீட்டுத் தப்புதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாராம். அண்ணிதான் என்னிடம் சொன்னாள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த வருஷமும் ஏமாற்றியது. மாவட்டம் முழுக்கத்தான் பெய்யவில்லை, நெய்க்காரப்பட்டிப் பக்கம்கூடத் தென்னை காய்ந்தது, அங்கே யார் மீனை எடை போட்டார்கள்? ஆனால் காய்ந்த கண்மாயைத் தினமும் பார்க்கிறவர்களிடம் இந்த நியாயத்தைப் பேச முடியுமா? பேசினாலும் எடுபடாது.

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவதை நிறுத்திவிட்டார். முதலில் தண்ணீர் இல்லை என்றார். அப்புறம் கடையில் வேலை என்றார். எனக்குத் தெரியாதா? வெட்கம். நான் மட்டும் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தேன். வாராவாரம் போனது மாதத்துக்கு ஒன்றானது, அப்புறம் நல்லது கெட்டதுக்கு மட்டும் என்றானது.

மூன்றாவது வருஷம் நல்ல மழை. கண்மாய் பெருகி, மறுகோடையில் மீன்பிடி வைத்தார்கள். நான் போயிருந்தேன். கரையில் வேறு ஒரு வீட்டு ஆள் புதுத்துண்டோடு வந்து நின்றார். யாரும் அண்ணனைத் திட்டவில்லை, விலக்கிவைக்கவில்லை. துண்டு கைமாறிவிட்டது, அவ்வளவுதான். அண்ணன் கூட்டத்தோடு கூட்டமாக, கையில் ஒரு ஊத்தாவோடு நின்றார். துண்டு வீசியதும் எல்லோரும் பாய்ந்தார்கள். அவர் மட்டும் பாயவில்லை. எப்படிப் பாய்வார்? அவர் வீசித்தான் பழக்கம். கடைசிவரை ஊத்தா நனையவில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரை உண்டு இல்லையென்று ஆக்கிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மச்சான் எங்கிட்ட ஒரு வார்த்த கோவிச்சிருந்தாருன்னா அன்னைக்கே கால்ல விழுந்திருப்பேன். ஒண்ணுமே சொல்லலையே" என்றார்.

"அவரு சொல்லாட்டி என்ன? நீங்க போய்ச் சொன்னா வாயி வெந்தா போயிரும்?"

கோபப்படுகிற ஆளிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம். கோபப்படாத ஆளிடம் எப்படிக் கேட்பது என்று இவருக்குத் தெரியவில்லை.

அடுத்த தை மாதம் மகளுக்குக் கோயிலில் வைத்துக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் வருவாரா மாட்டாரா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். அண்ணிக்கு முழங்கால் வலி என்று தனியாகத்தான் வந்தார். பட்டுப்பாவாடை, தோடு, வளையல், மாலை, தட்டு தட்டாகச் சீர். ஒரு குறை வைக்கவில்லை. மகளை மடியில் வைத்து, ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அவள் வீறிட்டபோது அண்ணனுக்கும் கண் கலங்கியது. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். "வாங்க மச்சான்." "வாரேன் மாப்ள." அத்தோடு இவர் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

கோயில் வளாகத்திலேயே பந்தி. என் வீட்டுக்காரர் தன் கையால் முதல் இலையை அண்ணனுக்குப் போட்டு, தண்ணீர் தெளித்து வைத்தார். திரும்பிப் பார்த்தால் அண்ணன் இல்லை. மகள் கையில் மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டிருந்தார். தாய்மாமன் கை நனைக்காமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சீர் செஞ்சிட்டா கடமை முடிஞ்சிருச்சாண்ணே? ஒரு வா சோறு திங்கப் பிடிக்கலயா எங்க வீட்டுல?" என்று அழுதுகொண்டே கத்தினேன். நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"கோவமெல்லாம் இல்லத்தா. வயிறு சரியில்ல."

"பொய் சொல்லாதீக. துண்டு போன கோவம்."

"துண்டு என்ன துண்டு. எங்கிட்ட இருந்துச்சு, இப்ப இன்னொருத்தருகிட்ட இருக்கு. தராசக்கூட விட்டுரு. மாப்ள கையில கம்பப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு பாரு, அந்தப் படத்தத்தான் என்னால தாங்க முடியல."

"யாரோ குடுத்தாக, பிடிச்சாரு. புத்தியில்லாம செஞ்சிட்டாரு. அதுக்கு இம்புட்டு நாளாவா?"

அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அத நான் தூண்டில்ல எடுத்தேன் தாயி. பாப்பா பெறந்த வருசம். ஒருத்தருக்கும் தெரியாது. ஒத்தக் கம்புல, சின்ன நரம்புல. ஓடவிட்டு ஓடவிட்டு, விடியுறதுல இருந்து வெயிலேறுற வரைக்கும் பிடிச்சு, கரைக்குக் கொண்டாந்துட்டேன். தண்ணி ஓரத்துல சாஞ்சு கெடந்துச்சு. அப்பறம் கத்தி எடுத்து நரம்ப அறுத்து விட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "ஏண்ணே?"

"அது இருக்கப் போயித்தான மாப்ள வாராரு? மாப்ள வந்தாத்தான நீயும் பிள்ளையும் வருவீக? அதப் பிடிச்சிட்டா ஞாயித்துக்கெழமை யாரு வருவா எங்க வீட்டுக்கு?"

பஸ் வந்துவிட்டது. என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு, கவிழ்த்த அண்டாவை மறுபடி நிமிர்த்தினார்.

"எந்தப் பக்கம் நின்னு எடுத்தாராம்?" என்றார். "மடைப் பக்கமா, புளியமரத்துப் பக்கமா?"

எனக்கு வந்ததே ஆத்திரம். கையிலிருந்த கரண்டியை எறியப் போனேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். "ஒத்தக் கம்புலயா எடுத்தாரு?" என்று மறுபடி மறுபடி அதையே சொன்னார். "அதுதான் பிடிச்சது. நான் என்னத்தப் பிடிச்சேன்?"

"எந்தப் பக்கம்னு மச்சான்கிட்டயே போய்க் கேளுங்க" என்றேன்.

"கேக்கணும்" என்றார்.

அதற்கப்புறம் மகள் அஞ்சாம் வகுப்பும் முடித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணனுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, கண்மாய்ப் பக்கமே போவதில்லை என்று அண்ணி சொல்லி அனுப்பினாள். அதைச் சொன்னபோதும், "போகணும், போய்க் கேக்கணும்" என்றுதான் சொன்னார். இன்னும் போகவில்லை.